செங்கால் என்று நான் போட்ட கையெழுத்து

உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். ஈரச் சருகுகளுக்கு நடுவே ஒரு பறவையின் பின்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கால் மட்டும் வெளிச்சத்தில் விழுந்திருந்தது. கீழே, "செங்கால்தானே மிஸ்? குறூப்பில போட்டுட்டன்" என்று எழுதியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் ஒரு பெரும் கூட்டமே அவருக்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தது.

அன்றைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அச்சில் ஏற்ற முடியாத தமிழில் எழுதியிருப்பேன். இப்போது நீங்கள் எல்லோரும் சேர்ந்து, புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களுக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்கிறீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவது, எப்படி எண்ணுவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். ஓய்வு பெற்றால் கோபம் தணியும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு இன்னும் தணியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பட்டதாரி இல்லை. களப் பதிவாளர். விடியுமுன் நடந்து, கண்டதைக் கொப்பியில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தக் கொப்பியைப் பார்த்து அறிக்கை எழுதுபவர்கள் வேறு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள். புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று அகதி முகாமில் ஆட்களை எண்ணும் வேலை கொடுத்தார்கள். பிறகு பறவைகளை எண்ணும் வேலை கிடைத்தது. பறவைகள் பரவாயில்லை. எண்ணும்போது என்னைப் பார்த்து அழுததில்லை.

இனி அந்த இரண்டு பறவைகளைப் பற்றிச் சொல்கிறேன். கானாங்கோழி எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் சிங்களப் பெயரால் கொறவக்கா என்பார்கள். வெள்ளை நெஞ்சோடு வாய்க்கால் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு திரிவது. அதன் இனத்தில் தண்ணீரை விட்டுக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்ட சிலது உண்டு. சாம்பல்கால் கானாங்கோழி அதில் ஒன்று. செங்கால் கானாங்கோழி மற்றது. இரண்டுக்கும் தலையும் கழுத்தும் நெஞ்சும் செம்பழுப்பு. இரண்டுக்கும் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடுகள். இரண்டும் ஆள் அரவம் கேட்டால் பறக்காமல் நடந்தே மறைந்துவிடும். வருடக்கணக்கில் காட்டுக்குள் திரிந்துவிட்டு, "அப்படி ஒன்றை நான் கண்டதேயில்லை" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

வித்தியாசம் எங்கே? பெயரிலேயே இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். சாம்பல்காலுக்குக் கால் சாம்பல், சற்றுப் பச்சை கலந்த சாம்பல். செங்காலுக்கு நல்ல சிவப்பு. ஆனால் கால்தான் சேற்றில் நிற்கிறது, சருகில் மறைகிறது, வெயில் பட்டால் நிறம் காட்டுகிறது, மழை பட்டால் வேறு நிறம் காட்டுகிறது. பார்க்கவேண்டியது செட்டையை, சிறகை. செங்காலின் மடித்த செட்டையில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். சாம்பல்காலின் செட்டை வெறும் தவிட்டு நிறம். சாம்பல்காலுக்குத் தொண்டை வெளுத்திருக்கும், தலையின் செம்பழுப்பும் முதுகின் மங்கல் பழுப்பும் இரண்டு துணியை ஒட்டித் தைத்த மாதிரிப் பிரிந்து தெரியும். செங்காலுக்கு முதுகிலும் சிவப்பு ஓடியிருப்பதால் அந்தப் பிரிவு அவ்வளவு தெரியாது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் பேராசிரியரும் இல்லை. கொழும்பில் ஒரு சேகரிப்பு அறையில், பாடம் செய்த பறவைகள் இருக்கும் அலுமாரிகளைத் திறந்து துடைத்துப் பூச்சி மருந்து வைக்கும் ஒரு சிங்களப் பெண். என்னைவிட வயதில் இளையவள். பயிற்சிக்குப் போன எங்களுக்கு அவள் ஒரு லாச்சியை வெளியே இழுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டின் கால்களும் ஒரே காய்ந்த வைக்கோல் நிறம். செத்த பிறகு காலின் சிவப்பு நிற்காது. நாங்கள் முழித்தோம். அவள் தன் உள்ளங்கையால் இரண்டு பறவைகளின் கால்களையும் மூடிக்கொண்டு, "இப்போது சொல்லுங்கள்" என்றாள். கால் தெரியாதபோதுதான் எங்கள் கண் செட்டைக்குப் போனது. இருபது வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த ஆக நல்ல வகுப்பு அது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

செங்கால் நம் பக்கத்துப் பறவை அல்ல. கிழக்கே கடல் தாண்டிய காடுகளில் இருப்பது. அதை நான் அந்த லாச்சிக்கு வெளியே கண்டதில்லை. சாம்பல்கால் அப்படியல்ல. ஒக்டோபரில் காற்று மாறி முதல் மழை தொடங்கும்போது இந்தியாவிலிருந்து இருட்டோடு இருட்டாகக் கடல் தாண்டி வரும். அவ்வளவு தூரம் பறக்கச் செய்த உடம்பா அது என்றால், இல்லை. குட்டைச் செட்டை, கனத்த உடல். கரையைக் கண்டதும் பொத்தென்று விழும். விழுகிற இடத்தில் நிழலும் சருகும் இருந்தால் இரண்டு மூன்று நாள் புழு பூச்சி கிளறித் தின்று தேறி, உள்ளே மலைக்காடுகளுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தெருவிலும் முற்றத்திலும் விழுந்து பூனைக்குப் போகும்.

கற்பிட்டிப் பகுதியில், மாம்புரி ஊருக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு காட்டுத் துண்டு இருந்தது. பெரிதாக நினைக்கவேண்டாம். பாலை, வீரை மரங்களும் ஈச்சம் பற்றையுமாக, ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும். சுற்றிலும் தென்னையும் வெங்காயப் பாத்திகளும். அந்த நீளக் கரையில் சருகு இருந்த ஒரே இடம் அதுதான். பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் நவம்பரிலும் நான் அதற்குள் விடியற்காலையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு கொப்பி. ஒரு வருடம்கூட சாம்பல்கால் வராமல் இருந்ததில்லை.

அந்தத் துண்டுக்கு நடுவேதான் கடலுக்குப் போகும் பாதையும் இருந்தது. பாரூக் நானாவும் இன்னும் சில குடும்பங்களும் அந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்கள். வலையும் கயிறும் அந்தப் பாதையால்தான் போகும். ஒரு ஹோட்டல் கம்பனி அந்த நிலத்தைக் கேட்டது. பற்றையை வெட்டி, வேலி போட்டு, கடலைப் பார்த்துக் கட்டிடம் எழுப்புவது அவர்கள் திட்டம். அதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு முன் விசாரணைக் கூட்டம் நடக்கவேண்டும். கம்பனி ஏற்கெனவே ஒரு பறவை அறிக்கை வைத்திருந்தது. யூலை மாதம் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டு எழுதியது. யூலையில் அங்கே காகமும் மைனாவும் செண்பகமும் இருக்கும். அதையே எழுதியிருந்தார்கள். வெயில் மாதத்தில் குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு இங்கே தண்ணீர் இருந்ததேயில்லை என்று எழுதுவார்களா? பறவை என்றால் மட்டும் எழுதுகிறார்கள். அதற்குக் கையெழுத்துப் போடவும் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் ஆட்கள், கம்பனியின் அறிக்கைக்கு மறுப்பு எழுதித் தரச் சொல்லி, எங்கள் பறவைக் கணக்கெடுப்புக் குழுவிடம் வந்தார்கள். பாரூக் நானாதான் கூட்டிவந்தார். எங்கள் குழுத் தலைவர் கொழும்பிலிருந்து வருகிற பட்டதாரி. நல்ல கெட்டிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், "அக்கா" என்று கூப்பிடுவார். பன்னிரண்டு கொப்பியையும் அவர் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சாம்பல்கால் எல்லா இடமும் விழுது அக்கா. கொழும்பில ஒரு வீட்டுக் குளியலறைக்குள்ளயும் விழுந்தது. வந்து போற பறவை. இத வச்சு ஒரு ஹோட்டல நிப்பாட்ட ஏலாது."

வந்து போற பறவை. அந்தச் சொல்லில் எனக்கு எங்கே சுட்டது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. புத்தளத்தில் எத்தனை படிவத்தில் என் பெயருக்கு நேரே 'தற்காலிகம்' என்று எழுதியிருக்கிறார்கள்! என் பிள்ளை இங்கேயே பிறந்து இங்கேயே கலியாணமும் கட்டிய பிறகும் எழுதினார்கள். வந்து இறங்கியவனுக்கு இறங்கிய இடம் எவ்வளவு பெரிது என்று, இறங்கவேண்டி வராதவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. அவர் சொல்வது சரியாக இருக்கலாம், என் பறவை போதாது என்று நானும் நம்பத் தொடங்கினேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது. சிவப்புக் கால் அதற்குப் பிறகுதான் வந்தது.

கூட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, விடிந்து கொஞ்ச நேரத்தில் பாரூக் நானா போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஓடி வாங்க. காயப்போட்ட வலையில ஒண்டு மாட்டி இரிக்கி. கொறவக்கா மாதிரித்தான், ஆனா கொறவக்கா இல்ல. மவுத்தாகி வீணாப் போறத்துக்கு முந்தி அறுப்பமெண்டு நிண்டானுகள். நான்தான் தங்கச்சி பாக்கட்டுமெண்டு நிப்பாட்டின."

போனேன். மீன் வைக்கும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் உடுத்தும் சாரத்தை விரித்து வைத்திருந்தார். மூடியை நீக்கினால், செம்பழுப்புத் தலை, கோடு போட்ட வயிறு, அதற்குக் கீழே இரண்டு சிவந்த கால். போனை எடுத்து இரண்டு படம் பிடித்தேன். படத்தைக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன். "செங்கால்!" என்று எழுதினேன், ஆச்சரியக்குறியும் போட்டேன். பறவையை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை.

பார்த்தீர்களா? உங்களில் ஒருவரைத் திட்டித்தான் தொடங்கினேன். நானும் அதைத்தான் செய்தேன். அதுவும் லாச்சி முன்னால் நின்று அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்ட பிறகு செய்தேன்.

பிறகுதான் கையில் எடுத்தேன். செட்டை வெறும் தவிட்டு நிறம். ஒரு வரி இல்லை. விரித்துப் பார்த்தேன், இல்லை. தொண்டை வெள்ளை. காலைப் பார்த்தேன். சிவப்பு நகத்திலும் இருந்தது, வயிற்றின் இரண்டு இறகிலும் தீற்றியிருந்தது. என் தலைத்துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக் காலைத் துடைத்தேன். துணி சிவந்தது. காலில் சாம்பல் தெரிந்தது.

"நானா, இதுக்கு என்ன போட்டீங்க?"

"சிவப்பு மருந்து. நைலோன் காலை வெட்டிப் போட்டிரிக்கி, பாருங்களே. வள்ளத்தில எங்களுக்கு வெட்டுப்பட்டா அதத்தான் போடுற. ஏன், அதுக்குக் கூடாதா?"

"இல்ல நானா. நல்லதுதான் செஞ்சிரிக்கிறீங்க."

உண்மையிலேயே நல்லது செய்திருந்தார். அந்த விடியற்காலையில் அங்கே நின்றவர்களில் அந்தப் பறவையின் பக்கம் யோசித்தது அவர் ஒருவர்தான். நான் அதைக் காட்டுத் துண்டின் உள்ளே கொண்டுபோய் ஈச்சம் பற்றைக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல், நொண்டாமல், சருகுக்குள் நடந்து போய்விட்டது.

அதற்குள் போன் அடித்தது. "அக்கா, நீங்க சரித்திரம் படைச்சிட்டீங்க! நாட்டிலயே முதல் பதிவு. அந்தக் காட்ட இனி ஒருத்தரும் தொட ஏலாது." நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓம் சேர்" என்றேன்.

பின்னேரம் வரை தாங்கவில்லை. நானே போன் எடுத்துச் சொன்னேன். மருந்து என்றேன், செட்டையில் வரி இல்லை என்றேன், பறவையை விட்டுவிட்டேன் என்றேன்.

"இத வேற யாரிட்டயாவது சொன்னீங்களா அக்கா?"

"இல்லை சேர்."

"அப்ப அந்தத் துணியக் கழுவிப் போடுங்க. யோசிச்சுப் பாருங்க, உண்மையச் சொன்னா யாருக்கு லாபம்? கம்பனிக்கு. ஒரு பெயர மாத்திறதால ஒரு காடு தப்பும்."

நான் துணியைக் கழுவினேன். அதை யாரும் என் கையைப் பிடித்துச் செய்விக்கவில்லை. அடுத்த நாள் அறிக்கை வந்தது. 'செங்கால் கானாங்கோழி, ஒன்று, கையில் பிடித்து உறுதி செய்யப்பட்டது' என்பதற்குக் கீழே என் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பாரூக் நானாவின் பாதையை நினைத்தேன், பன்னிரண்டு ஒக்டோபரை நினைத்தேன், நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தேன். பிள்ளைகளே, நம் வேலையில் பொய் கெட்ட முகத்தோடு வருவது குறைவு. பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்த ஒன்றைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் வரும். அந்த நேரத்தில் உங்களைத் திட்டுவதற்கு நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

விசாரணைக் கூட்டம் சிங்களத்தில் நடந்தது. தமிழிலேயே உங்களுக்குச் சொல்கிறேன். பாரூக் நானாவும் ஊர் ஆட்களும் வெள்ளை சேர்ட் போட்டுக்கொண்டு பின் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பன்னிரண்டு கொப்பியும் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. கம்பனிக்காக வந்த பறவை ஆள் ஒரு இளைஞர். அவர் சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் எடுத்த படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். ஒரு குச்சியால் செட்டையைத் தொட்டார்.

"இதில் வரி எங்கே?"

பிறகு நகத்தைத் தொட்டார். பிறகு வயிற்று இறகில் இருந்த சிவப்பைத் தொட்டார். "செங்காலின் வயிற்று இறகும் சிவக்கும் என்று நான் படித்ததில்லை" என்றார்.

அவரை இன்றைக்கும் என்னால் கோபிக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் பறவையைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான்.

தலைமை தாங்கிய அதிகாரி என்னைப் பார்த்தார். "அம்மா, கையில் பிடித்துப் பார்த்தது நீங்கள்தானே? சொல்லுங்கள்."

நான் எழுந்தேன். என் குழுத் தலைவர் முன் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம், வெளிச்சம் அப்படி, படம் மங்கல் என்று. வாய் வரவில்லை. "மருந்து" என்றேன். "சிவப்பு மருந்து. பறவை சாம்பல்கால்."

கூடத்தில் இரைச்சல் எழுந்தது. அது அடங்கியதும் என் குழுத் தலைவர் எழுந்து பேசினார். அந்த வார்த்தைகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "இந்த அம்மா பட்டம் பெற்றவர் இல்லை. களப் பதிவாளர் மட்டும்தான். அவர் சொன்னதை நம்பி நாங்கள் எழுதிவிட்டோம். வருந்துகிறோம்." அக்கா அன்றைக்கு அம்மாவாகிவிட்டாள். துணியைக் கழுவச் சொன்ன வாய் அது. நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். எனக்கு நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான். இப்போது எழும்புகிறது. அவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

ஆனால் அவர் மேல் கோபப்பட்டு முடிந்ததும் என் மேல் வரும் கோபம் பெரிது. நான் திரும்ப எழுந்து கொப்பிகளைக் காட்டினேன். "அந்த ஒன்றை விடுங்கள். இதில் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. சாம்பல்கால் ஒவ்வொரு வருடமும் இறங்குகிறது. அந்தக் கரையில் அதற்கு வேறு இடம் இல்லை" என்றேன். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்த கொப்பியை எடுத்தார், திறக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அடுக்கின் மேல் வைத்து, முழு அடுக்கையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"இதையும் நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்றார்.

கொப்பிகளை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அந்தக் கொப்பிகளை மட்டும் கொடுத்திருந்தால் காடு தப்பியிருக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அதிகாரி திறந்து படித்துவிட்டு, வந்து போற பறவைதானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்துவிட்டுச் சொல்லியிருக்கவேண்டும். மழையிலும் நுளம்புக்கடியிலும் இருந்து எழுதிய உண்மையை நான் ஒரு கையெழுத்தால் குப்பையாக்கினேன். கம்பனி செய்யவில்லை. நான் செய்தேன்.

வெளியே படிக்கட்டடியில் பாரூக் நானா நின்றார். நான் ஏதோ சொல்லப் போனேன், அவர் கையை உயர்த்தினார்.

"பொய் செல்றெண்டா எங்களுக்கும் செல்லத் தெரியும் தங்கச்சி. அதுக்கு ஒங்களத் தேடி வரத் தேவல்ல. ஒங்கட கொப்பி உண்மையெண்டுதானே கூட்டி வந்த?"

அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்கு நடந்து போனார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் என்னோடு அவர் கதைக்கவில்லை. கற்பிட்டிச் சந்தையில் எதிரே கண்டால் மீன் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் போய் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்வார், கடமை என்பதற்காக.

கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. காட்டுத் துண்டை இரண்டே நாளில் வழித்தார்கள். வேலி வந்தது. பாரூக் நானாவின் ஆட்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக் கரைக்குப் போகத் தொடங்கினார்கள். பற்றை இருந்த இடத்தில் கடலைப் பார்த்து ஒரு சாப்பாட்டு மண்டபம் எழும்பியது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் ஓய்வு பெற்றேன். ஒரு பொன்னாடை தந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஒக்டோபரில், அந்த ஹோட்டலின் முகாமையாளர் என் வீட்டுக்கு வாகனம் அனுப்பினார். புதிய கட்டிடம் ஒன்று கட்டப்போகிறார்களாம், அதற்கும் அனுமதி வேண்டுமாம். கண்ணாடியில் பறவைகள் மோதுவதாக யாரோ முறைப்பாடு எழுதிப்போட்டிருந்தார்கள். அந்த இடத்தை அறிந்த பதிவாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இளம் பிள்ளை, மரியாதையானவர். தேநீர் தந்து ஒரு தாளை நீட்டினார். தமிழிலேயே தட்டச்சு செய்திருந்தது. 'இவ்வளாகத்தில் அரிய பறவை எதுவும் இறந்ததாகத் தெரியவில்லை.'

"முதல்ல கண்ணாடியப் பாப்பம்" என்றேன்.

காலை எட்டு மணி இருக்கும். கூட்டுகிறவர்கள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. கண்ணாடியின் அடியில், குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் மூன்று கிடந்தன. ஒன்றில் இன்னும் சூடு இருந்தது. நான் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் செட்டையை விரித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. முகாமையாளர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பழைய கதை அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

"செங்கால் இல்லதானே மிஸ்?"

"இல்லை. மூன்றும் சாம்பல்கால்."

"அது அரியது இல்லையே?"

"இல்லை."

"அப்ப கையெழுத்துப் போடுங்களேன்" என்று பேனையை நீட்டினார்.

தாளைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு ஒரு பொய்யை வைத்துக் காட்டைக் காப்பாற்றப் பார்த்தேன். இன்றைக்கு ஒரு உண்மையை வைத்து அந்தச் சாவை மூடப் பார்க்கிறார்கள். எனக்கு அப்போது வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை அந்தக் கண்ணாடியில் எறிந்திருப்பேன். எறியவில்லை. பேனையை வாங்கினேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினேன். 'இன்று காலை இந்தக் கண்ணாடியின் கீழ் மூன்று சாம்பல்கால் கானாங்கோழிகள் செத்துக் கிடந்தன. மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். இந்த இடத்தில் முன்பு காடு இருந்தது. இவை அதில் இறங்க வந்தவை.' அதற்குக் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.

"இத நான் மேல அனுப்ப ஏலாதே மிஸ்" என்றார் அவர்.

"அனுப்பாட்டிப் பரவாயில்ல. என்னட்ட இன்னொரு பிரதி இருக்கு. அத நான் அனுப்புவன்" என்றேன். பிரதி அப்போது இல்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதை எழுதி, அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குத் தபாலில் போட்டேன். வாகனம் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. பஸ்ஸில் வந்தேன். அடுத்த நாள் போனபோது வாசலில் காவலாளி என்னை உள்ளே விடவில்லை.

நான் அனுப்பிய தாளுக்கு இன்றுவரை பதில் இல்லை. புதிய கட்டிடத்துக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

போன ஒக்டோபரில் ஒரு காலை, ஏழு மணிபோல, என் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. பாரூக் நானா. தலைமயிர் முழுக்க வெளுத்துவிட்டது. கைப்பிடியில் தொங்கிய பொலித்தீன் பையைக் கழற்றி, படியில் வைத்தார். உள்ளே ஒரு சாம்பல்கால், கழுத்து முறிந்து, ஈரமாக.

"ஹோட்டல் வேலியோரம் கிடந்த. முந்தநாள் ரெண்டு, நேத்து ஒண்டு, அதுகளப் பூனை இழுத்திட்டு. நாள், எடம் எல்லாம் நான் செல்றன். எழுதுங்க."

கொப்பி எடுத்துவந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார். நிச்சயமில்லாத ஒன்றை, "அது எனக்குத் தெரியா, போடாதீங்க" என்றார். எழுதி முடித்ததும் கொப்பியை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேணாமென்று தலையசைத்துவிட்டு, உள்ளே வராமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.